மலையில் ஓடும் சின்ன கார்: பத்தாயிரம் கிலோமீட்டர் கணக்கா, ஆறு மாதக் கணக்கா?

நீலகிரியில் சின்ன கார் வைத்திருப்பவர்கள் சர்வீஸ் விஷயத்தில் மூன்று வழிகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். முதல் வழி, கம்பெனி புத்தகத்தில் பெரும்பாலும் போட்டிருக்கும் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்ற கணக்கு. அடுத்தது அதில் பாதி, அதாவது 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம். மூன்றாவது, ஏதாவது சத்தம் வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டிக்கொண்டே இருப்பது.

மூன்றாவதை இங்கேயே ஒதுக்கிவிடுவோம். கிளட்ச் தேய்ந்த கார் கோவையில் உறுமிக்கொண்டாவது வீடு வந்து சேரும். பர்லியாறு தாண்டி ஏற்றத்தில் நின்றால் நின்றதுதான். ஓரங்கட்ட இடம் இருக்காது, பின்னால் பஸ்ஸும் லாரியும் வரிசை கட்டும். பிரேக் பேட் தேய்ந்துபோன சத்தம் இறக்கத்தில் முதல்முறையாகக் கேட்டால், கீழே வந்து சேரும்வரை அந்த பிரேக்கைத்தான் நம்பியாக வேண்டும். மேட்டுப்பாளையம் - குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36. இந்தச் சாலைகளில் பழுதுக்காகக் காத்திருப்பது ஒரு வழியே இல்லை.

ஆக, போட்டி முதல் இரண்டுக்கும்தான். என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்: மலையில் குடியிருக்கும் பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதக் கணக்குதான் சரி. ஆனால் காரின் எல்லாப் பாகத்துக்கும் அது வேண்டியதில்லை. சிலவற்றைப் பாதி நாளில் பார்க்க வேண்டும், சிலவற்றைப் புத்தகம் சொல்வதற்கு முன்னால் தொடவே வேண்டாம். எது எது என்று தெரிந்துகொண்டால் செலவு ரொம்ப ஏறாது.

ரீடிங் ஏன் போதாது

குன்னூரில் நான் வண்டி விடும் ஒர்க்‌ஷாப் அண்ணன் கிலோமீட்டர் ரீடிங்கை முதலில் கேட்பதே இல்லை. "கடைசியா ஆயில் மாத்தி எத்தனை மாசம் ஆச்சு? நடுவுல கீழே எத்தனை வாட்டி போயிட்டு வந்தீங்க?" இந்த இரண்டு கேள்விதான். யோசித்துப் பார்த்தால் முழு விஷயமும் அதற்குள் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். சமவெளியில் சராசரியாக மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் 10,000 கிலோமீட்டர் ஓட 200 மணி நேரம் ஆகும். மலையில் சராசரி 25 என்று வைத்தால் அதே தூரத்துக்கு 400 மணி நேரம். ரீடிங் ஒன்றுதான், ஆனால் என்ஜின் இரண்டு மடங்கு நேரம் உழைத்திருக்கிறது. அந்த நேரத்தில் பெரும்பகுதி முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் போனது.

இதோடு உயரமும் சேர்கிறது. டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜின் ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு திறனை இழக்கும், காற்றின் அடர்த்தி குறைவதுதான் காரணம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே 65 குதிரைத்திறன் தரும் சின்ன என்ஜின் அங்கே ஐம்பதைச் சற்றுத் தாண்டினால் பெரிது. அதனால்தான் கோவையில் மூன்றாவது கியரில் ஏறும் மேட்டை இங்கே இரண்டில் போட்டு, ஆக்சிலேட்டரை அழுத்தி ஏற வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் கார் கம்பெனிக்காரர்களும் அறிவார்கள். பல கார்களின் கையேட்டில் சர்வீஸ் அட்டவணைக்குப் பக்கத்திலேயே கடினமான பயன்பாட்டுக்கென்று தனி அட்டவணை ஒன்று இருக்கும். குறைந்த தூர ஓட்டம், குளிர், தொடர்ந்து மலை ஏறி இறங்குவது, அடிக்கடி நின்று போவது என்று அதில் எழுதியிருப்பதைப் படித்தால் கோத்தகிரியில் இருக்கும் ஒருவரின் தினசரி வாழ்க்கை மாதிரியே இருக்கும். சர்வீஸ் சென்டரில் பெரும்பாலும் பொது அட்டவணையை வைத்துத்தான் பேசுவார்கள். எனவே அந்தப் பக்கத்தை நீங்களே திறந்து காட்டி, "என் வண்டிக்கு இதுதான்" என்று சொல்லுங்கள். ஆறு மாதக் கணக்கு கம்பெனிக்கு எதிரானது என்று யாரும் தயங்க வேண்டாம். அது அவர்கள் புத்தகத்திலேயே இருப்பது.

ஆயில்: பாதி நாளில் மாற்ற வேண்டிய முதல் பொருள்

மலையில் ஆயிலைக் கெடுப்பது ஏற்றம் மட்டும் இல்லை, குட்டி ஓட்டங்களும்தான். காலையில் பத்து டிகிரி குளிரில் வண்டியை எடுத்து, இரண்டு மூன்று கிலோமீட்டரில் பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டு, மார்க்கெட்டில் நிறுத்தி, வீட்டுக்குத் திரும்பினால் என்ஜின் முழுச் சூட்டுக்கே வந்திருக்காது. உள்ளே சேரும் நீராவியும் கொஞ்சம் பெட்ரோலும் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் ஆயிலில் கலக்கும். மூடுபனிக் காலத்தில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் மோர் மாதிரி வெளுத்த பசை ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். அதைப் பார்த்து உடனே பயப்பட வேண்டாம், பெரும்பாலும் ஈரம்தான். ஆனால் கூலன்ட் அளவும் குறைந்துகொண்டே வந்தால், அல்லது டிப்ஸ்டிக்கிலேயே ஆயில் வெளுத்துத் தெரிந்தால், ஆயிலும் கூலன்ட்டும் கலக்காமல் அடைத்திருக்கும் ஹெட் கேஸ்கெட் மேல்தான் சந்தேகம். அன்றைக்கே காட்டிவிட வேண்டும்.

இந்த வகை ஓட்டத்தில் ஆறு மாதத்துக்கு 2,000 கிலோமீட்டர்கூட வராது. ரீடிங்கை நம்பினால் ஆயில் வருடக்கணக்கில் உள்ளேயே கிடக்கும். சின்ன பெட்ரோல் காருக்கு ஆயில் சுமார் 3 லிட்டர். அதையும் ஃபில்டரையும் மாற்றும் செலவு ஒரு டாங்க் பெட்ரோல் நிரப்புவதைவிடக் குறைவுதான். வருடத்தில் இரண்டாவது முறை அந்தச் செலவைச் செய்யத் தயங்குவது எனக்குப் புரியவே இல்லை. ஆயிலின் கிரேடை மட்டும் மாற்றாதீர்கள். புத்தகம் 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30 என்றால் அதுவேதான். "மலைக்குக் கெட்டியான ஆயில் நல்லது" என்று பழைய அம்பாசடர் காலத்துக் கணக்கில் ஊற்றச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைய சின்ன என்ஜின்களுக்குக் குளிரில் ஸ்டார்ட் ஆன உடனே ஆயில் மேலே ஏற வேண்டும், கெட்டி ஆயில் அதைத் தாமதப்படுத்தும்.

அப்புறம், கழிவு ஆயிலைக் கால்வாயில் ஊற்றும் இடத்தில் வண்டியை விடாதீர்கள். இங்கே கொட்டுவது பவானிக்கும் மோயாறுக்கும் போய்ச் சேரும். பிடித்து வைத்து மறுசுழற்சிக்குக் கொடுப்பவரிடமே வேலை கொடுங்கள்.

பிரேக்: இங்கே புத்தகத்தைவிடக் கடுமையாக இருக்க வேண்டும்

சின்ன கார்களில் பெரும்பாலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். இறக்கத்தில் எடை முழுவதும் முன்னால் சாய்வதால் முன் பேட்கள்தான் சீக்கிரம் தேயும். புது பேட் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும், 3 மில்லிமீட்டர் வந்தால் மாற்றிவிட வேண்டும் என்பது பொதுவான அளவு. வருடத்துக்கு ஒருமுறை மட்டும் பார்த்தால், "இன்னும் 4 இருக்கு சார், அடுத்த சர்வீஸில் பார்த்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். சமவெளிக்கு அது நியாயமான பதில். வாரம் ஒருமுறை மேட்டுப்பாளையம் இறங்கி ஏறும் வண்டிக்கு அந்த 4 அடுத்த வருடம்வரை வராது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான்கு சக்கரத்தையும் கழற்றி, பின் டிரம்மைத் திறந்து, தூசி ஊதி, உள்ளே இருக்கும் பிரேக் ஷூவை அளந்து பார்ப்பதுதான் சரி.

பிரேக் ஆயில் பலரும் மறந்துபோகும் பொருள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காது. சுமார் 3.7 சதவீதம் ஈரம் சேர்ந்த பிறகு அதற்கான அளவு 140 டிகிரிதான். டாட் 4 வகைக்கு இவை 230, 155. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்தால் பேட்களை அழுத்தும் காலிப்பரில் இந்தச் சூடு வரக்கூடியதுதான். ஆயில் கொதித்துக் குமிழி வந்தால் பெடல் பஞ்சாக உள்ளே போகும், வண்டி நிற்காது. வருடத்தில் பாதி நாள் மஞ்சு இறங்கி நிற்கும் ஊரில் இருக்கிறோம். பொதுவாகச் சொல்லப்படும் இரண்டு வருட அவகாசத்தை ஒரு நாளும் தாண்டக் கூடாது. அடிக்கடி கீழே போகிறவர்கள் வருடம் ஒருமுறை மாற்றுங்கள். டாட் 3 இருக்கும் காரில் டாட் 4 போடலாமா என்று கையேட்டைப் பார்த்துவிட்டு, ஒப்புதல் இருந்தால் மாறிவிடுவது நல்லது.

பேட் எத்தனை நாள் வரும் என்பது ஓட்டுவதைப் பொறுத்ததும்கூட. ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்ற பழைய விதி இன்றும் செல்லும். ஏஎம்டி, அதாவது தானே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: டி-யில் விட்டு இறங்கினால் அது தானாக மேல் கியருக்குப் போய்விடும். கைமுறைக்கு மாற்றி இரண்டில் நிறுத்துங்கள். நியூட்ரலில் போட்டு என்ஜினை அணைத்து இறங்கி பெட்ரோல் மிச்சம் பிடிப்பவர்களும் உண்டு. என்ஜின் ஓடாவிட்டால் பிரேக்குக்கு உதவும் பூஸ்டருக்கு வேக்குவம் கிடைக்காது. இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும்.

ஹாண்ட் பிரேக் தனி விஷயம். சமதளத்தில் சோதித்து "பிடிக்குது" என்று கொடுக்கும் ஹாண்ட் பிரேக், குன்னூர் பெட்ஃபோர்டு பக்கத்துச் சரிவில் பிடிக்காது. ஏற்றத்தில் நிறுத்தி, கியரில் போடாமல், ஆள் உட்கார வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். கேபிளை இறுக்கிக் கொடுக்க அரை மணி நேரம்கூட ஆகாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேட்டு வாங்குங்கள். ஏற்றத்தில் வண்டியை நகர்த்த ஹாண்ட் பிரேக்கைப் பயன்படுத்தினால் கிளட்ச் பிளேட்டும் பிழைக்கும். அரை கிளட்சில் நிறுத்திவைத்தே டிராஃபிக்கில் ஊர்வதுதான் இங்கே பிளேட்டைத் தின்பது. ஏஎம்டியிலும் உள்ளே இருப்பது அதே கிளட்ச்தான், ஆக்சிலேட்டரை லேசாக அழுத்தி ஏற்றத்தில் நிறுத்திவைத்தால் அதுவும் கருகும்.

டயரும் கூலன்ட்டும்

சட்டப்படி டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டர்வரை இருந்தால் போதும். மழையில் பாசி பிடித்த வளைவுகளில் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போன டயரை நான் நம்ப மாட்டேன். வளைவுகளில் முன் டயர்களின் வெளி ஓரம் சீக்கிரம் தேய்வதால் 5,000 கிலோமீட்டரிலேயே முன்னும் பின்னும் மாற்றிப் போடுங்கள். கீழே காற்று அடித்துவிட்டு மேலே வந்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு: மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிவரை ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜில் சுமார் 3 பிஎஸ்ஐ கூடித் தெரியும், குளிரால் ஏறக்குறைய அதே அளவு குறையும். ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடும். இருந்தாலும் காலையில், வண்டி ஓடாமல் இருக்கும்போது, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே பார்ப்பதுதான் சரியான அளவு.

ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஊட்டியின் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கொதித்துவிடும். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் உறைபனி விழும் இரவுகளில் உறையவும் செய்யலாம். சரிபாதி கலந்த கூலன்ட் இரண்டையும் தாங்கும். மாற்றும் காலத்தைப் புத்தகத்தில் உள்ளபடி வைத்துக்கொள்ளலாம், பாதியாக்கத் தேவையில்லை. ரேடியேட்டர் மூடியின் ரப்பரை மட்டும் சர்வீஸுக்குச் சர்வீஸ் பாருங்கள். உயரத்தில் கொதிநிலையைத் தூக்கிப் பிடிப்பது அந்த மூடி தரும் அழுத்தம்தான்.

எங்கே மிச்சம் பிடிக்கலாம்

ஏர் ஃபில்டர் இங்கே சமவெளி அளவுக்குத் தூசி பிடிப்பதில்லை. கழற்றிப் பார்த்துச் சுத்தமாக இருந்தால் திருப்பி மாட்டச் சொல்லுங்கள், ஆறு மாதத்தில் மாற்ற வேண்டியது அது இல்லை. ஏசியை ஊட்டிக்காரர்கள் தொடுவதே அரிது, ஏசி சர்வீஸ் என்று தனியாகப் பில் போட்டால் வேண்டாம் என்று சொல்லலாம். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஓடவிட்டால் சீல்கள் காயாமல் இருக்கும், மழையில் கண்ணாடியில் படியும் ஆவியும் போகும். என்ஜின் ஃபிளஷ், டெஃப்லான் கோட்டிங், உள்ளே வாசனைச் சுத்தம் போன்றவற்றை மறுத்துவிட்டு அந்தக் காசில் நல்ல வைப்பர் பிளேடு வாங்குங்கள். வண்டியை மரத்தடியில் நிறுத்துபவர்கள் முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் வடிகாலில் சேரும் யூகலிப்டஸ், சில்வர் ஓக் இலைகளைத் தாங்களே அள்ளிவிடலாம். அடைத்துக்கொண்டால் மழைத் தண்ணீர் காருக்குள் இறங்கும்.

எந்த மாதத்தில்

ஆறு மாதம் என்று முடிவு செய்தவர்கள் தேதியை மழையோடு பொருத்திக்கொள்ளலாம். கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவமழைதான் அடித்து ஊற்றும். அங்கே பிரேக், டயர், வைப்பர் வேலைகளை மே மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை முக்கியம், எனவே செப்டம்பர் கடைசி. இன்னொரு சர்வீஸ் தானாக மார்ச் வாக்கில் வந்து நிற்கும். கோடை சீசனில் டூரிஸ்ட் வண்டிகளுக்கு நடுவே முதல் கியரிலேயே ஊர்வதற்கு முன்னால் கிளட்சைப் பார்த்துவிட அது நல்ல நேரம்.

கம்பெனியா, உள்ளூர் ஒர்க்‌ஷாப்பா, கோவையா

வாரண்டி இருக்கும்வரை கம்பெனி சர்வீஸ்தான், அதில் இரண்டாவது பேச்சு வேண்டாம். நடுவில் செய்யும் ஆயில் மாற்றத்தையும் அங்கேயே செய்து பில்லை வைத்துக்கொள்ளுங்கள். நாளை என்ஜினில் ஏதாவது வந்தால் அந்தப் பில் பேசும்.

வாரண்டி முடிந்த பிறகு என் ஓட்டு உள்ளூர் ஒர்க்‌ஷாப்புக்குத்தான், குறிப்பாக பிரேக், கிளட்ச், ஹாண்ட் பிரேக் வேலைகளுக்கு. காரணம் விலை மட்டும் இல்லை. மலை மெக்கானிக் வண்டியைச் சோதிக்க எடுக்கும்போது வாசலிலேயே இறக்கம் இருக்கிறது. கோவையில் வேலை முடித்த வண்டியின் புது பிரேக்குக்கு உண்மையான சோதனை நீங்கள் அடுத்த முறை மலை இறங்கும்போதுதான் நடக்கும். பேட், ஷூ, ஃபில்டர் போன்றவற்றைக் கம்பெனி ஸ்பேர்ஸ் கடையில் நீங்களே சீல் உடையாத பெட்டியாக வாங்கிக் கொடுத்துவிட்டால் போலிப் பொருள் பயமும் இல்லை.

ஏர்பேக் விளக்கு, கம்ப்யூட்டர் கோளாறு, கம்பெனியே திரும்ப அழைத்துச் செய்யும் ரீகால் வேலைகள் ஆகியவற்றுக்குக் கம்பெனியிடம் போக வேண்டும். சேஸிஸ் நம்பரைக் கொடுத்து ரீகால் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பழைய வண்டியாக இருந்தாலும். கோவையில் பெரிய வேலை வைத்திருந்தால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பிரேக்கில் சந்தேகம் இருக்கும் வண்டியை சர்வீஸுக்காகக் கீழே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். மேலேயே சரி செய்துவிட்டு இறங்குங்கள்.

யாருக்கு எது

மாதம் இரண்டு முறையாவது கீழே போய் வருபவர்களுக்கு 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், பிரேக் ஆயில் வருடம் ஒருமுறை.

ஊருக்குள்ளேயே பள்ளி, கடை, ஆபீஸ் என்று ஓட்டுபவர்களுக்கும் ஆறு மாதம்தான், ரீடிங்கைப் பார்க்கவே வேண்டாம். இவர்களுக்கு பேட்டரியும் ஒரு கவலை. குட்டி ஓட்டத்தில் முழுதாகச் சார்ஜ் ஏறாது, குளிரில் பேட்டரியின் பலமும் குறையும். இரவு நின்ற வண்டியில் காலையில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 பக்கம் வந்தால் பாதிதான் இருக்கிறது. வாரம் ஒருமுறை அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் பேட்டரிக்கும் நல்லது, ஆயிலில் சேர்ந்த ஈரமும் வெளியேறும்.

மலையில் வீடு இருந்தாலும் பெரும்பாலும் கோவை, திருப்பூர் நெடுஞ்சாலையில் ஓடும் கார் என்றால் புத்தகக் கணக்கான 10,000 அல்லது ஒரு வருடமே ஆயிலுக்குப் போதும். பிரேக்கை மட்டும் ஆறு மாதத்தில் திறந்து பாருங்கள்.

ஓய்வுபெற்றவர்கள் சிலர் வாரத்தில் ஒருநாள் ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் எடுத்துவிட்டு மீதி நாள் ஷெட்டில் நிறுத்தியிருப்பார்கள். அவர்களுக்கு வருடம் ஒருமுறை ஆயில் போதும், மழைக்காலம் முடிந்தவுடன் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஹாண்ட் பிரேக் போட்டே வாரக்கணக்கில் நிறுத்தினால் ஈரத்தில் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சமமான ஷெட் என்றால் முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஹாண்ட் பிரேக்கை விட்டுவிடுங்கள். எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்று எடுப்பதற்கு முன் பானெட்டைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். டயர் தேய்ந்திருக்காது, அதனால் வயதைப் பாருங்கள்: பக்கச் சுவரில் இருக்கும் நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ஆறு வருடம் தாண்டியதும் வருடம் ஒருமுறை டயர் கடையில் காட்டுங்கள், வெடிப்பு தெரிந்தால் பள்ளம் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.